புகையில்லாத குரல்

யம்புரோ
மார்ச் 4, 1991

அன்புள்ள அண்ணா,

எங்கள் அடுப்பில் நெருப்பு இருக்கிறது. உங்கள் அடுப்பிலும் இருக்கட்டும். நீயும் ரோஸி அண்ணியும் நலமா? காய்ச்சல் மறுபடி வந்ததா? கடலோரத்துக் கொசுவுக்கு மலைக்காரன் ரத்தம் என்றால் உயிராமே! இங்கே நானும் எலினும் நலம். எலினுக்கு முன்பல் ஆடுகிறது. நாள் முழுக்க நாக்கால் தள்ளிக்கொண்டே திரிகிறாள். பிடுங்கிவிடுகிறேன் என்றால் ஊரே அதிரும்படி கத்துகிறாள்.

நீ அனுப்பிய பானை வந்து சேர்ந்தது. மூடி எங்கே? மூடியில்லாத பானையை யாராவது தங்கைக்கு அனுப்புவார்களா? லே துறைமுக நகரத்தில் பதினைந்து வருஷம் இருந்தும் உன் கருமித்தனம் போகவில்லை. தபால்தலையில் இருந்த சொர்க்கப்பறவையை எலின் பிய்த்து வைத்துக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் மினாப்பே ஊரில் இல்லை. அக்கரையில் கெலேப்பாவுக்குப் போய் ஐந்து நாள் ஆகிறது. சித்தப்பா மகன் ஒரு பெட்டைப் பன்றி தருகிறேன் என்றானாம். இவரும் பல்லைக் காட்டிக்கொண்டு பிரம்புப் பாலத்தில் ஓடினார். பிறகு பிடித்த மழை விடவேயில்லை. ஆனாலும் காலையில் சரியாக அக்கரை மேட்டில் பச்சைத் தழை போட்டுப் புகை எழுப்புகிறார். அப்புறம் கூப்பாடு: "யம்புரோ மண்ணு! மினாப்பே நான்! பன்னி கொழுப்பு! மழை விட்டதும் வரேன்!"

நானும் புகை போட்டுவிட்டுப் பதில் கொடுத்தேன்: "யாசோமே நான்! பன்னியை மட்டும் அனுப்பு! நீ அங்கயே இரு!" பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

வேறு விசேஷம் இல்லை. பானைக்கு மூடி அனுப்பு.

உன் தங்கை,
யாசோமே


லே
மார்ச் 15, 1991

அன்புத் தங்கச்சி யாசோமேக்கு,

எங்கள் அடுப்பில் நெருப்பு இருக்கிறது. உங்கள் அடுப்பிலும் இருக்கட்டும். காய்ச்சல் வரவில்லை. ரோஸி உன் கடிதத்தைப் படிக்கச் சொல்லி மூன்று முறை கேட்டாள். "அவ வாய்க்கு நீங்க பயந்துதான் ஊரைவிட்டு ஓடி வந்தீங்களா?" என்கிறாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மரக்கிடங்கில் வேலை அதிகம். நாள் பூராவும் அறுவை எந்திரத்தின் சத்தம். காதில் எதுவும் விழாத ஊர் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இங்கே ஒருவன் இன்னொருவனைக் கூப்பிட வேண்டுமென்றால் பக்கத்தில் போய்த் தோளைத் தட்ட வேண்டும். எனக்கு அது பிடித்திருக்கிறது.

மூடி வாங்கிவிட்டேன், அடுத்த விமானத்தில் வரும். தாழங்கொட்டை பழுத்ததா? புகையில் வாட்டி ஒரு பை அனுப்பு. எலினை இந்த வருஷம் தாழங்காட்டுக்குக் கூட்டிப்போவீர்களா? காட்டுக்குள் கூப்பிடக் காட்டுப் பெயர் வைத்தாகிவிட்டதா? என்னவென்று எனக்கு எழுதிவிடாதே. வைத்தவரையும் அவளையும் தவிர யாருக்கும் தெரியக் கூடாது.

மாப்பிள்ளை பன்றியோடு வந்து சேர்ந்தாரா? கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்,
லைகான்


யம்புரோ
மார்ச் 22, 1991

அன்புள்ள அண்ணா,

எங்கள் அடுப்பில் நெருப்பு இருக்கிறது. உங்கள் அடுப்பிலும் இருக்கட்டும். நீ மாப்பிள்ளையைக் கேட்டு எழுதிய கடிதம் கையில் கிடைத்தபோது எனக்கு உடம்பெல்லாம் துக்கக் களிமண் பூசியிருந்தது.

கெலேப்பா போய்விட்டது அண்ணா. மார்ச் எட்டாம் தேதி, விடிந்து கொஞ்ச நேரத்தில். நான் கிழங்குத் தோட்டத்தில் இருந்தேன். முதலில் நாய்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பி நின்றன. பிறகு அக்கரை மலை இடுப்பிலிருந்து கழன்று இறங்கியது. ஐந்து வீடு, ஒன்பது பேர், பன்றிகள், தோட்டம், பாலத்தின் பிரம்பு எல்லாம் ஆற்றுக்குள் போய்விட்டன. பாலம் கட்டியிருந்த மரமே இல்லை. ஆறு இப்போது மரம் உயரத்துக்கு ஓடுகிறது. சுற்றுவழியும் சரிந்துவிட்டது. ஒன்பது நாள் அழுதோம்.

பத்தாம் நாள் காலை, பதினேழாம் தேதி, அக்கரையிலிருந்து குரல் வந்தது.

"யம்புரோ மண்ணு! மினாப்பே நான்!"

அவர் குரல்தான். கடைசியில் கொஞ்சம் தூக்கி இழுப்பாரே, அதே இழுப்பு. நான் வெளியே ஓடினேன். எல்லோரும் ஓடிவந்தார்கள். அக்கரை மேட்டைப் பார்த்தோம். புகை இல்லை.

உனக்குத் தெரியாததா? உயிருள்ளவன் முதலில் புகை போடுவான், பிறகுதான் வாயைத் திறப்பான். செத்தவர்களுக்கு நெருப்பு கிடையாது. புகையில்லாத குரலுக்குப் பதில் சொன்னால், அந்தப் பதிலையே வழியாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும். வந்தால் வெறுங்கையோடு போகாது.

தும்பே பெரியப்பா குச்சியை ஊன்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். "வாயைத் திறந்த, ஒன் மவதான் மொதல்ல போவா" என்றார். எல்லோரும் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள்.

தினமும் வருகிறது அண்ணா. ஒரு நாள் தப்பவில்லை. நேற்றுப் பெரியப்பாவின் காலைப் பிடித்துக் கேட்டேன். "ஒன் பொறந்த வீட்டு ஆம்பளை ஒத்துக்கிட்டா நீ பதில் சொல்லு. பழியும் அவனோடது, பேச்சும் அவனோடது. லைகானுக்கு எழுதிக் கேளு" என்றார்.

அதனால் கேட்கிறேன். பதில் சொல்லட்டுமா? நீ இந்தப் பேய்க் கதையை எல்லாம் சிரித்துத் தள்ளுகிறவன். ஒரு வரி எழுது. சொல்லு என்று எழுது.

உன் தங்கை,
யாசோமே


லே
ஏப்ரல் 2, 1991

தங்கச்சி யாசோமேக்கு,

எங்கள் அடுப்பில் நெருப்பு இருக்கிறது. உங்கள் அடுப்பிலும் இருக்கட்டும்.

பதில் சொல்லாதே.

தும்பே பெரியப்பா சொல்வது சரி. புகை இல்லையென்றால் இல்லைதான். எலினை நினைத்துக்கொள். குரல் வரும் நேரத்தில் தோட்டத்துக்குப் போய்விடு, கீழ்த் தோட்டத்துக்கு. அங்கே ஓடைச் சத்தத்தில் எதுவும் கேட்காது. நாலைந்து நாளில் பழகிவிடும். பிறகு அதுவே நின்றுவிடும்.

பானை மூடி இத்துடன் வருகிறது.

உன் அண்ணன்,
லைகான்


யம்புரோ
ஏப்ரல் 14, 1991

அன்புள்ள அண்ணா,

எங்கள் அடுப்பில் நெருப்பு இருக்கிறது. உங்கள் அடுப்பிலும் இருக்கட்டும். உடம்பு சரியில்லையா? கடிதத்தில் நீயே இல்லையே. ரோஸி அண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, என்னைக் கிண்டல் செய்யவும் இல்லை. நான் இரண்டு தடவை உறையைத் திருப்பிப் பார்த்தேன், வேறு யாருக்காவது வந்த கடிதமோ என்று.

இந்த ஊரில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே. "சொல்லச் சொல்லி எழுதியிருக்கிறான்" என்று பெரியப்பாவிடம் மாற்றிப் படித்திருக்கலாம். அந்த எண்ணம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் நீ எழுதினால் காரணமில்லாமல் எழுத மாட்டாய் என்று உள்ளதை உள்ளபடி படித்தேன். பெரியப்பா தலையாட்டினார். "படிச்சவன் ஆனாலும் மறக்கல" என்று உன்னை மெச்சினார்.

கீழ்த் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஓடைச் சத்தத்தில் கேட்கவில்லைதான். கேட்கவில்லை என்பதே தாங்க முடியாமல் மேலே ஓடிவந்துவிட்டேன்.

குரல் இப்போது வேறு என்னவோ சொல்கிறது. நீட்டிக் கூப்பிடும் பெயர்தான் பள்ளத்தாக்கைத் தாண்டி வரும், பேச்சு துண்டு துண்டாகத்தான் வரும், உனக்குத் தெரியும். "எலின்... பல்லு... விழுந்துச்சா?" என்று கேட்டது. எலின் என் பாவாடையைப் பிடித்து இழுத்து, "அம்மா, விழுந்துருச்சுன்னு சொல்லும்மா. ஒரே ஒரு தடவை சொல்லும்மா" என்றாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். என் விரலில் அந்தப் பல் விழுந்த ஓட்டை பட்டது.

முந்தாநாள் இன்னொரு சொல் வந்தது. "ஈரம்." திரும்பத் திரும்ப அதுதான். "எல்லாம் ஈரம்... எல்லாம் ஈரம்..." நாங்கள் எல்லோரும் தெளிவாகக் கேட்டோம். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். "மண்ணுக்குள்ள கெடக்குறவனுக்கு ஈரமாத்தானே இருக்கும். பாவம்" என்றார். எனக்கு அன்றைக்கெல்லாம் குளிர் விடவில்லை, அடுப்பை ஒட்டியே உட்கார்ந்திருந்தேன்.

அண்ணா, இன்னும் ஒரு தடவை கேட்கிறேன். நிச்சயமாகச் சொல்லக் கூடாதா?

உன் தங்கை,
யாசோமே


லே
ஏப்ரல் 29, 1991

தங்கச்சி யாசோமேக்கு,

எங்கள் அடுப்பில் நெருப்பு இருக்கிறது. உங்கள் அடுப்பிலும் இருக்கட்டும். எலினுக்கு ஒரு சிவப்புக் கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன். கை நீளமாக இருந்தால் மடித்துவிடு, வளர்கிற பிள்ளை.

நிச்சயமாகச் சொல்லக் கூடாது. இனிமேல் இதைக் கேட்காதே.

வேலை முடிந்து வந்தால் வீட்டில் புகை வாடை அடிக்கிறது. ரோஸி மண்ணெண்ணெய் அடுப்பில்தான் சமைக்கிறாள், புகையே இல்லை என்கிறாள். நான் ஜன்னல்களை எல்லாம் சாத்திவைக்கிறேன். அவளுக்குப் புழுக்கமாம், திட்டுகிறாள்.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டியது என் தப்பு. கடலோரத்துக்காரிக்கு நம்ம மலை வழக்கம் என்ன தெரியும்? "ஏங்க, செத்தவரு புள்ள பல்லைப் பத்தி எதுக்குக் கேக்கறாரு? அந்த மழையில தீக்குச்சி நனைஞ்சிருந்தா மனுஷன் எதை வச்சுப் புகை போடுவாரு? ஈரம்னு அவரு சொன்னது அதுதானோ?" என்றாள். வாயை மூடு என்று கத்திவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
லைகான்


யம்புரோ
மே 20, 1991

அன்புள்ள அண்ணா,

எங்கள் அடுப்பில் நெருப்பு இருக்கிறது. உங்கள் அடுப்பிலும் இருக்கட்டும்.

குரல் நின்றுவிட்டது. மே மூன்றாம் தேதிதான் கடைசி. அன்றைக்குப் பெயர்கூட முழுதாக வரவில்லை. அடுத்த நாள் ஒன்றுமில்லை. ஊர் மூச்சுவிட்டது. பெரியப்பா பன்றி அடிக்கச் சொன்னார். குழி தோண்டி, கல்லைச் சுடவைத்து, கிழங்கும் கறியும் இலையில் மூடி வேகவைத்து எல்லோரும் சாப்பிட்டார்கள். எனக்குத் தொடைக்கறி கொடுத்தார்கள். எலினிடமே கொடுத்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் விமானம் வந்தது. உன் கடிதமும் வந்தது. ரோஸி அண்ணி கேட்டதைப் படித்தேன். புல்லோடு புல்லாக விமானத் தளத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நாம் பிரம்பை மரத்தில் உரசி நெருப்பு எடுக்கிறவர்கள். காய்ந்த பிரம்பு இல்லாவிட்டால் புகை ஏது? நான் பிறந்ததிலிருந்து நெருப்பு மூட்டுகிறேன். எனக்குத் தோன்றவில்லையே அண்ணா. இந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லையே.

ஆறு வடிந்திருக்கிறது. ஆண்களிடம் போய் நின்று, பாலம் கட்டுகிறீர்களா, இல்லை நான் நீந்திப் போகட்டுமா என்று கேட்டேன். பிரம்பு வெட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். நானும் போகிறேன்.

யாசோமே


யம்புரோ
ஜூன் 25, 1991

லைகானுக்கு,

ஆறு பேர் போனோம். கெலேப்பா இருந்த இடத்துக்கு மேலே ஒரு பாறைக் குடை. அதற்கடியில் கிடந்தார். முகம் நம் வீட்டைப் பார்த்து இருந்தது. அங்கிருந்து பார்த்தால் நம் கூரை தெரிகிறது, அடுப்புப் புகை தெரிகிறது, வாசலில் யார் நிற்கிறார்கள் என்பது வரைக்கும் தெரிகிறது. நாங்கள் கதவைச் சாத்தியது அவருக்குத் தெரிந்திருக்கும்.

இடது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்து, மரப்பட்டை வைத்துக் கட்டியிருந்தார். தவழ்ந்து தவழ்ந்து ஒரு தடம் பதிந்திருந்தது; அங்கே ஏறி வரவே அந்த ஒன்பது நாள் ஆகியிருக்கும். மண்ணுக்குள்ளிருந்து கிழங்கு தோண்டிப் பச்சையாகக் கடித்திருக்கிறார். பாறையில் நாளுக்கு ஒரு கோடு. எண்ணினேன். ஐம்பத்தாறு.

பக்கத்தில் பிரம்பு நார்க் குவியல், என் முழங்கால் உயரத்துக்கு. எல்லாம் நடுவில் தேய்ந்து அறுந்தது. பிளந்த கட்டை பதினொன்று, ஒவ்வொன்றிலும் உரசிய பள்ளம். ஒன்றிலும் கருப்பு ஏறவில்லை. பிரம்பை வயிற்றோடு அணைத்து உலர்த்திப் பார்த்திருக்கிறார். சாகும்போதும் இடுப்பில் ஒரு சுருள் இருந்தது. உள்ளங்கைத் தோல் போய்விட்டிருந்தது. தினமும் முதலில் புகைக்குத்தான் முயன்றிருக்கிறார். முடியாமல்தான் கூப்பிட்டிருக்கிறார்.

தும்பே பெரியப்பா அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு, குச்சியை ஆற்றில் எறிந்துவிட்டுத் திரும்பி நடந்தார். நாங்கள் பெரிய நெருப்பு மூட்டி, மூன்று நாள் அணையாமல் காத்துப் புதைத்தோம்.

கடலோரத்தில் பிறந்தவளுக்கு அடுப்படியில் நின்றபடியே தோன்றியது, எங்களோடு வளர்ந்து வெளியூர் போய்ப் படித்த உனக்கு ஏன் தோன்றவில்லை? இல்லை, தோன்றியதா? தோன்றியும்தான் எழுதினாயா? நான் இரண்டு தடவை கேட்டேன். உன் ஒரு சொல்லுக்காக ஊரே காத்திருந்தது. ஏன் அப்படிச் சொன்னாய்?

யாசோமே


லே
ஜூலை 12, 1991

யாசோமே,

வழக்கமாக எழுதும் முதல் வரியை எழுத எனக்குத் தகுதி இல்லை.

தோன்றியது. ரோஸி சொல்வதற்கு முன்பே, உன் முதல் கடிதத்திலேயே தோன்றியது.

அப்பா செத்தபோது உனக்கு ஐந்து வயது. தாழங்காட்டில் பள்ளத்தில் விழுந்து அப்போதே போய்விட்டார் என்று நான் வந்து சொன்னதைத்தான் நீங்கள் எல்லோரும் நம்பினீர்கள். எனக்குப் பதினான்கு. நாங்கள் இரண்டு பேர் மட்டும், கெலேப்பாவுக்கு மேலே, கொட்டை பறிக்கப் போயிருந்தோம். நல்ல பனி. அப்பா பொறி பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார், வரவில்லை. மறுநாள் காலை கீழேயிருந்து குரல் கேட்டது. ஊர்ப்பெயரைக் காட்டில் சொல்லக் கூடாதே, அதனால் எனக்கு அவர் வைத்த காட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "இம்போ! இம்போ!"

புகை தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. இரண்டு நாள் கூப்பிட்டார். நான் குடிசைக்குள் இலைப்பாயைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு வாயைக் கடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் சத்தம் இல்லை. வீட்டுக்கு வந்து, விழுந்த உடனே போய்விட்டார் என்றேன். உடம்பைத் தேடப் போனவர்களுக்கு வேறு பள்ளத்தைக் காட்டினேன்.

வழக்கப்படிதான் நடந்தேன், அது பேய்தான் என்று இருபத்திரண்டு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். அதற்காகத்தான் ஊரைவிட்டு, சத்தத்தில் வேறெதுவும் கேட்காத வேலையைத் தேடி வந்தேன். நீ பதில் சொல்லி, அக்கரையிலிருந்து மினாப்பே உயிரோடு எழுந்து வந்திருந்தால், அப்பாவும் உயிரோடுதான் கூப்பிட்டார் என்று ஆகியிருக்கும். அதை என்னால் தாங்க முடியவில்லை. அதற்காக உன் புருஷனை விட்டுவிட்டேன். இதுதான் காரணம், வேறு இல்லை.

இம்போ என்ற பெயர் அப்பாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. அம்மாவிடம் சொன்னதில்லை, ரோஸியிடம் சொன்னதில்லை. முதல் தடவையாக உனக்கு எழுதியிருக்கிறேன்.

வா என்று ஒரு சொல் எழுது. வருகிறேன். வந்து ஊர் முன்னால் நிற்கிறேன். எழுதாவிட்டால் வர எனக்கு முகமில்லை.

லைகான்


யம்புரோ
ஆகஸ்ட் 15, 1991

அன்புள்ள அண்ணா,

எங்கள் அடுப்பில் நெருப்பு இருக்கிறது. உங்கள் அடுப்பிலும் இருக்கட்டும். நீயும் ரோஸி அண்ணியும் நலமா? மே மாதத்துக்கு அப்புறம் உன் எழுத்து ஒன்றும் என் கைக்கு வரவில்லை. ஜூன் கடைசியில் என் கடிதத்தை எடுத்துக்கொண்டு போன விமானம்தான், அதற்குப் பிறகு ஒன்றுகூட இறங்கவில்லை. மழை தளத்தின் நடுவில் ஆள் இறங்கும் அளவுக்குப் பள்ளம் பறித்துவிட்டது. நீ பதில் எழுதியிருந்தால் அது டவுனில் பைக்குள் கிடக்கும்.

அந்தக் கடிதத்தை நான் கோபத்தில் எழுதிவிட்டேன். கொழுந்துவிட்டு எரிந்தது, என்ன செய்ய? இப்போது கொஞ்சம் அடங்கியிருக்கிறது. நீ சொன்னாய்தான், ஆனால் அத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தது நான்தானே. என் வாயை யாரும் தைத்து வைக்கவில்லை. உன்னை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. எலினுக்குப் புதுப்பல் முளைத்துவிட்டது. சிவப்புச் சட்டையைக் கழற்றுவதே இல்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பதினொரு நாளாக அக்கரையில் புகை எழுகிறது. முறையான புகை, பச்சைத் தழை போட்டது, நேராக ஏறுகிறது. அக்கரைக்குப் போன ஆறு பேரும் ஜூனிலேயே திரும்பி வந்தாயிற்று. அங்கே வீடில்லை, ஆளில்லை. முதல் நாள் தாழங்காட்டு உச்சியில் தெரிந்தது. எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றோம். இந்த முறை யாரும் கதவைச் சாத்தவில்லை. தும்பே பெரியப்பாவே முன்னால் வந்து, "பொகை வந்துருச்சு. இப்ப குரல் வரும். யாரா இருந்தாலும் பதில் சொல்லணும்" என்றார்.

குரல் வந்தது. மினாப்பே இல்லை. வயதான ஆளின் குரல். எலின் சட்டென்று, "மாமா குரல் மாதிரியே இருக்கு!" என்றாள். நீ போன தடவை வந்தபோது பேசியதை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறாள். பெரியப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கீழே உட்கார்ந்துவிட்டார். இந்தக் குரலை முன்னே கேட்டிருக்கிறேன் என்றார். யாருடையது என்று எத்தனை கேட்டும் சொல்லவில்லை.

அது மண்ணின் பெயரைச் சொல்லவில்லை, தன் பெயரையும் சொல்லவில்லை. ஒரே பெயரைத்தான் கூப்பிடுகிறது. தினமும் அதுதான். நானே பதில் கொடுத்துப் பார்த்தேன், "யாசோமே நான்! சொல்லு!" என்று. அது நிற்கவில்லை, அதே பெயரைத்தான் மறுபடி கூப்பிட்டது. "அது காட்டுப் பேரு. அந்தப் பேருக்குச் சொந்தக்காரன் சொன்னாத்தான் சேரும். மத்தவங்க சொன்னா நிக்காது" என்றார் பெரியப்பா.

புகை நாளுக்கு நாள் கீழே இறங்குகிறது அண்ணா. உச்சியில் இருந்தது பாறைக் குடைக்கு வந்தது. நேற்றுப் பாலத்தின் அக்கரை முனையில். இன்று காலை பாலத்தின் இந்தப் பக்கம். வாசலில் நின்றால் வாடை வருகிறது. எனக்குப் பயமாக இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் இனி ஒரு குரலையும் பதிலில்லாமல் விட மாட்டேன் என்று மினாப்பேயின் மண்மேட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஊரே அரிவாளோடு விமானத் தளத்தில் இருக்கிறது. பள்ளத்தைத் தூர்த்தாகிவிட்டது, புல்லும் பாதி வெட்டியாயிற்று. செவ்வாய்க்கிழமை விமானம் இறங்கும் என்று ரேடியோவில் சொன்னார்கள். இந்தக் கடிதம் அதில் வரும்.

வீடு வீடாகக் கேட்டுவிட்டேன், யாருக்கும் தெரியவில்லை. நீ மூத்தவன், அப்பாவோடு தாழங்காட்டுக்குப் போனவன், உனக்குத் தெரிந்திருக்கலாம். இம்போ என்று யாராவது இருந்தார்களா? உயிரோடு இருந்தால், எங்கே இருந்தாலும் சீக்கிரம் வந்து ஒரு பதில் கொடுக்கச் சொல். பாவம், எவ்வளவு நாளாகக் கூப்பிடுகிறதோ.

ரோஸி அண்ணியிடம் நான் கேட்டதாகச் சொல். பானை மூடி சரியாகப் பொருந்துகிறது.

உன் தங்கை,
யாசோமே